மாரடைப்பும் இரத்தத்தின் சாட்சியமும்

மாரடைப்பு என்ற சொல் நம் மொழியில் நன்கு பழகிப்போன சொல். மார்பினுள் ஏதோ ஒன்று அடைத்துக்கொண்டது என்பது அதன் பொருள். ஆங்கிலம் பேசுவோர் இதனை இருதயத்தின் மீது நிகழும் தாக்குதல் என்பர். மருத்துவர் தம் ஏட்டில் எழுதும் பெயரோ லத்தீன் மொழியினின்றும் வந்தது. 'உள்ளே திணித்தல்' என்பது அதன் வேர்ப்பொருள். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டோர்க்கு இம்மூன்று சொற்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும் ஆவல் எழுவது இயல்பே. ஒன்று காரணத்தைக் கூறுகிறது. ஒன்று நோயுற்றவரின் அனுபவத்தைக் கூறுகிறது. மற்றொன்று இறந்தவர் உடலை அறுத்துப் பார்த்தவர் கண்ட தோற்றத்தைக் கூறுகிறது.

ஆனால் இன்று ஒருவருக்கு நேர்ந்தது மாரடைப்புத்தானா என்று ஆஸ்பத்திரியில் முடிவு கட்டும்போது, பெரும்பாலான சமயங்களில் கடைசி வார்த்தையைச் சொல்வது அவர் கையின் சிரையினின்றும் எடுத்த சிறிதளவு இரத்தமே. அந்த இரத்தத்தில் ஒரு புரதம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கிறார்கள். அளவு ஒரு வரம்பைத் தாண்டிக் கூடினாலோ, கூடிக் குறைந்தாலோ, இருதயத் தசைக்கு ஊறு நேர்ந்துள்ளது என்று கொள்கிறார்கள். இரத்தத்துக்கு இத்தகைய சாட்சிப் பதவி எவ்வாறு கிட்டியது, அது எதற்குச் சாட்சி, எதற்குச் சாட்சி அன்று என்பதே இங்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

நெஞ்சு வலிக்கிறது என்று நடுநிசியில் ஒருவர் எழுந்து உட்கார்ந்தால், 'வாயுவாக இருக்கும், சீரகத் தண்ணீர் குடியுங்கள்' என்று வீட்டில் உள்ளோர் சொல்வது நமக்குப் புதிதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேனாட்டு மருத்துவர்களே பெரும்பாலும் அவ்வாறுதான் சொல்லிவந்தனர். கடுமையான அஜீரணத்தால் மரணம் என்று எழுதப்பட்ட சான்றிதழ்கள் பல. இருதயத்துக்கு இரத்தம் ஊட்டும் கரோனரித் தமனி திடீரென அடைபட்டால் மனிதன் அக்கணமே இறந்துபடுவான் என்ற கருத்து வேரூன்றியிருந்தது. ஆகவே வலியுடன் இரண்டு நாள் உயிரோடிருந்தவருக்கு நேர்ந்தது தமனி அடைப்பாக இருக்க முடியாது என்று வாதித்தனர்.

இக்கருத்தை அசைத்தவர்களுள் முதல்வர்கள் கீவ் நகரத்து மருத்துவர்களான ஒப்ரஸ்த்ஸோவும் ஸ்திரஷெஸ்கோவும். அவர்களது கட்டுரை 1910-இல் வெளிவந்தது. சிகாகோ நகரத்து ஜேம்ஸ் ஹெர்ரிக் 1912-இல் வெளியிட்ட கட்டுரையே பிற்காலத்தில் பெரிதும் பேசப்பட்டது. அவர் விவரித்த நோயாளி 55 வயதினர். உணவருந்திச் சிறிது நேரத்துக்கெல்லாம் கடும் வலி தாக்கியது. 52 மணி நேரம் உயிரோடிருந்து இறந்தார். பிரேத பரிசோதனையில் இடப்புறக் கரோனரித் தமனியில் இரத்தக் கட்டி காணப்பட்டது. அடைப்பு நேர்ந்தும் ஒருவர் வாழக்கூடும். சிலர் தேறவும் கூடும் என்பது ஹெர்ரிக்கின் முடிவு. அவர் தம் கட்டுரையைச் சக மருத்துவர்கள் கூடிய சபையில் படித்தபோது ஒருவரும் பொருட்படுத்தவில்லை என்று அவரே பின்னர் எழுதினார். காரணம் எளிது. உயிரோடிருக்கும் நோயாளியிடத்தில் இந்த அடைப்பைக் கண்டறிய அன்று கருவி ஏதும் இல்லை. பிணத்தில் மட்டுமே மெய்ப்பிக்கத்தக்க நோயால் படுக்கையருகில் நிற்கும் மருத்துவருக்கு என்ன பயன்?

கருவி விரைவில் வந்தது. ஹாலந்து தேசத்து லைடன் நகரில் ஐந்தோவன் அமைத்த கால்வனாமீட்டர், இருதயத்தின் மின் துடிப்பைக் கோடாகத் தீட்டிக் காட்டியது. அதற்காக 1924-இல் அவர் நோபல் பரிசு பெற்றார். அடைப்பு நேர்ந்தவரின் கோட்டில் இன்னவாறு ஒரு மேடு தோன்றும் என்று 1920-இல் நியூயார்க் மருத்துவர் பார்டீ எழுதினார. இன்றளவும் நெஞ்சு வலியுடன் வருபவருக்கு முதலில் செய்யத் தக்கது இ.சி.ஜி. சோதனையே, வந்த பத்து நிமிடங்களுக்குள் அதை எடுத்துவிட வேண்டும் என்பது விதி. அதில் அந்த மேடு தெளிவாகத் தோன்றினால் இரத்தச் சோதனையின் முடிவுக்குக் காத்திராமலே சிகிச்சையைத் தொடங்கிவிடுவர். இதனை நேயர்கள் மனத்திலிருத்த வேண்டும். ஏனெனில் இரத்தத்தின் பெருமையைப் பேசும்போது இது மறந்துபோகிறது.

எனினும் கோடு எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை. பழைய தழும்பு உள்ள இருதயத்தில் புதிய ஊறு மறைந்துபோகலாம். மின்னோட்டப் பாதையிலேயே கோளாறு இருந்தால் கோடு முழுதும் உருமாறித் தோன்றும். சிறிய ஊறுகளில் கோடு சாதாரணமாகவே இருந்துவிடுவதும் உண்டு. இரத்தத்தில் அறிகுறி தேட முயன்றவர்கள் முன்பும் இருந்தனர். மாரடைப்புக்குப் பின் வெள்ளணுக்கள் பெருகுகின்றன, சிவப்பணுக்கள் படியும் வேகம் கூடுகிறது என்று கண்டனர். ஆனால் நிமோனியாவிலும், ஒரு பெரிய கட்டி பழுத்தாலும் அவ்வாறே ஆகும். ஊரில் எங்கோ தீப்பிடித்திருக்கிறது என்று சொல்லும் சாட்சியை வைத்துக்கொண்டு எந்த வீடு என்று எப்படித் தீர்மானிப்பது?

வீட்டை அடையாளம் காட்டும் முதல் முயற்சி 1954-இல் நிகழ்ந்தது. வியப்பு என்னவெனில், அது புற்றுநோய் ஆராய்ச்சிக்கென்றே அமைந்த ஒரு நிலையத்தில், நியூயார்க்கின் ஸ்லோன்-கெட்டரிங்கில், நிகழ்ந்தது. லாட்யூ, ரோப்லெவ்ஸ்கி என்னும் இரு மருத்துவர்களும், மருத்துவ மாணவராக இருந்து இவ்வாராய்ச்சியில் ஈடுபட்ட ஆர்தர் கார்மெனும் சேர்ந்து செய்த வேலை அது. 1954 செப்டம்பரில் 'சயன்ஸ்' பத்திரிகையில் அவர்களது சிறு கட்டுரை வெளியாயிற்று.

அவர்கள் எடுத்துக்கொண்ட தத்துவம் எவருக்கும் விளங்கக்கூடியது. உயிரணு ஒவ்வொன்றும் ஒரு பானை போன்றது. உள்ளே வேலை நடப்பதற்கான நொதிகள், அதாவது என்ஸைம்கள், நிறைந்துள்ளன. பானை முழுதாக உள்ளவரை அவை வெளியே வருவதில்லை. இரத்த ஓட்டம் குறைந்தால் உயிரணுவுக்குப் பிராணவாயுவும் உணவும் கிட்டுவதில்லை, சக்தி தீர்ந்துபோகிறது, சுவர் விரிசல் விடுகிறது. உள்ளிருப்பவை கசிந்து இரத்தத்தில் கலக்கின்றன. கசிந்ததை அளந்தால் உடைந்ததை அறியலாம். இருதயத் தசையில் டிரான்ஸமினேஸ் என்னும் ஒரு நொதி மிகுதியாக உண்டு என்பது அப்போது தெரிந்திருந்தது. அது இரத்தத்தில் கசிகிறதா என்பதே கேள்வி.

அளப்பது எங்ஙனம்? நொதியைக் கண்ணால் காண முடியாது. எடை போடும் அளவுக்கும் கிட்டாது. அதன் செயலைத்தான் அளக்க வேண்டும். கார்மென் முதலில் காகிதத்தின் மீது பொருள்களைப் பிரிக்கும் முறையைக் கையாண்டார். அது நெடுநேரம் பிடித்தது. பின்னர் ஓர் அழகான தந்திரம் செய்தார். டிரான்ஸமினேஸ் உண்டாக்கும் பொருளை உடனே மாற்றிவிடும் வேறொரு நொதியையும் அதே கலவையில் சேர்த்தார். அந்த இரண்டாம் நொதி வேலை செய்யும்போது செலவாகும் பொருள், 340 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளியை விழுங்கும் இயல்புடையது. அப்பொருள் செலவாகச் செலவாக ஒளி மிகுதியாக ஊடுருவும். ஒளிமானியில் முள் நகரும் வேகமே நொதியின் அளவு. இவ்வாறு அளந்த அலகு 'கார்மென் அலகு' என்று அவர் பெயராலேயே வழங்கியது. ஆரோக்கியமான மனிதருக்கு ஏறத்தாழ 40 வரை இருக்கும். மாரடைப்புக்குப் பின் அதைப் போல் பல மடங்கு உயர்ந்து, சில நாட்களில் பழைய நிலைக்கு இறங்கிவிடும்.

அக்கட்டுரை வெளிவந்து ஓராண்டு கழிந்த 1955 செப்டம்பரில் அமெரிக்க ஜனாதிபதி ஐஸன்ஹோவர் டென்வர் நகரில் நெஞ்சு வலிக்கு ஆளானார். முதலில் பத்திரிகைகளுக்குக் கொடுத்த செய்தி அஜீரணக் கோளாறு என்பதே. மாரடைப்பு என்பது பிறகுதான் வெளியாயிற்று. ஹெர்ரிக் எழுதி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் 'அஜீரணம்' என்ற சொல் அதிகார மாளிகையையும் விட்டு அகலவில்லை.

டிரான்ஸமினேஸுக்கு ஒரு குறை இருந்தது. அது ஈரலிலும் ஏராளமாக உண்டு. மஞ்சட்காமாலைக்காரரின் இரத்தத்திலும் அது உயரும். கார்மெனின் தோழர்கள் அந்தக் குறையையே ஒரு பயனாக மாற்றி, ஈரல் நோய்க்கான சோதனையாக அதனை வளர்த்தனர். காலத்தின் போக்கைப் பாருங்கள்: இருதயத்தின் முதல் தூதனாக வந்த அந்த நொதியை இருதய மருத்துவர்கள் கைவிட்டு வெகுகாலமாயிற்று. ஆனால் நம் ஊர்ச் சோதனைச் சாலைகள் தரும் சீட்டில் எஸ்.ஜி.ஓ.டி. என்ற பெயருடன், ஈரல் சோதனைகளின் வரிசையில், அது இன்றும் வீற்றிருக்கிறது.

அடுத்த பதினைந்து ஆண்டுகள் மேலும் பொருத்தமான நொதியைத் தேடுவதில் கழிந்தன. லாக்டேட் டிஹைட்ரோஜினேஸ் என்னும் நொதி 1955-இல் வந்தது. பல நாட்கள் உயர்ந்தே இருப்பதால், காலந்தாழ்த்தி வந்த நோயாளிக்கு அது உதவிற்று. கிரியாட்டின் கைனேஸ் என்பதை 1960-இல் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் மாரடைப்பில் அளந்து காட்டினர். இது ஈரலில் அநேகமாக இல்லாதது. ஆனால் கை கால் தசைகளில் நிரம்ப உள்ளது. கீழே விழுந்தாலும், நெடுந்தூரம் ஓடினாலும் உயரும். வலி தணிய மருத்துவர் தசையில் போட்ட ஊசியாலேயே அது உயர்ந்து, மாரடைப்பு என்ற பொய்ச் சாட்சி சொல்லிவிடும்!

இந்த இக்கட்டினின்றும் வழி காட்டியது ஓர் உயிரியல் உண்மை. ஒரே வேலையைச் செய்யும் நொதி, வெவ்வேறு உறுப்பில் சற்று வேறுபட்ட வடிவங்களில் இருக்கக் கூடும். கிரியாட்டின் கைனேஸின் 'எம்.பி.' வடிவம் கை கால் தசையில் மிகச் சிறிதே. இருதயத் தசையில் கணிசமாக உண்டு. 1970-களில் இதனை அளக்கும் முறைகள் செம்மையுற்றன. அதே காலத்தில் ஸோபெல் முதலியோர், நொதி எவ்வளவு கசிந்தது என்பதைக் கொண்டு எவ்வளவு தசை அழிந்தது என்று கணக்கிடவும் முற்பட்டனர். உலக சுகாதார நிறுவனம் வகுத்த இலக்கணமும் அக்காலத்ததே: வலியின் வரலாறு, இ.சி.ஜி. மாற்றம், நொதி உயர்வு என்னும் மூன்றனுள் இரண்டு இருந்தால் மாரடைப்பு. மூவரில் இருவர் சொன்னால் போதும் என்ற பஞ்சாயத்து அது. இரத்தம் அப்போது மூவரில் ஒருவர்; நாட்டாண்மை அதற்கு இன்னும் வரவில்லை.

இங்கே நாம் ஜப்பானுக்குச் செல்ல வேண்டும். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஸெட்ஸுரோ எபாஷி என்னும் மருந்தியல் அறிஞர் இருந்தார். இருதய நோய் அவரது ஆராய்ச்சிப் பொருளன்று. தசை எவ்வாறு சுருங்குகிறது, சுருங்கு என்ற கட்டளையை அதற்கு எது தருகிறது என்பதே அவரை ஆட்கொண்ட வினா. சுண்ணச்சத்தாகிய கால்சியமே கட்டளை தருவது என்று அவர் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. கட்டளையைப் பெற்றுக்கொள்ளும் பொருள் எது என்று தேடியவர், 1960-களின் முற்பாதியில் ஒரு புரதத் தொகுதியைப் பிரித்தெடுத்தார். 1965-இல் அதற்கு டிரோபோனின் என்று பெயரிட்டார். இதில் மூன்று உறுப்புகள் உள்ளன என்பது 1970-களின் தொடக்கத்தில் தெளிவாயிற்று: கால்சியத்தைப் பற்றும் 'சி', சுருங்காவண்ணம் தடுக்கும் 'ஐ', இவற்றைத் தசை இழையோடு பிணைக்கும் 'டி'.

எபாஷியைப் பற்றி மற்றொரு செய்தியும் உண்டு. தசை நலிவு நோயில் கிரியாட்டின் கைனேஸ் இரத்தத்தில் மிகுகிறது என்று 1959-இல் வெளியிட்ட குழுவிலும் அவர் இருந்தார். ஆக, ஒரு தலைமுறைக் காலம் மாரடைப்பைக் காட்டிய நொதிக்கும், அதன் இடத்தைப் பிடித்துக்கொண்ட புரதத்துக்கும் ஒரே மனிதரின் தொடர்பு உண்டு. இரண்டையும் அவர் நெஞ்சு வலிக்காகத் தேடவில்லை. உடனடிப் பயன் என்ன என்று கேட்டு ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும் அதிகாரிகள் 2006-இல் மறைந்த அப்பெரியாரின் வரலாற்றைப் படிப்பது நலம் பயக்கும்.

டிரோபோனினுக்கு என்ன சிறப்பு? இருதயத்திலுள்ள 'ஐ' உறுப்பு, கை கால் தசையிலுள்ள 'ஐ'யினின்றும் வேறுபட்டது. அதன் தலைப்புறத்தில் ஏறத்தாழ முப்பது அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு வால் கூடுதலாக உண்டு. மற்றத் தசைகளில் அது இல்லை. இருதயம் தன் புரதத்தில் தன் பெயரையே பொறித்து வைத்திருக்கிறது எனலாம். ஆனால் டிரோபோனின் நொதி அன்று. அதற்கு அளக்கத்தக்க வேகச் செயல் கிடையாது. கார்மெனின் ஒளித் தந்திரம் இங்கே செல்லாது. அப்பொருளையே பிடித்து எண்ண வேண்டும். அதற்கு வழி செய்தவை வேறிரு கண்டுபிடிப்புகள். எதிர்ப்பொருளைக் கொண்டு இரத்தத்திலுள்ள நுண்ணளவுப் பொருளை அளக்கும் முறையை பெர்ஸனும் ராஸலின் யாலோவும் 1950-களின் இறுதியில் அமைத்தனர். ஒரே வார்ப்பான எதிர்ப்பொருள்களை வேண்டிய அளவு உண்டாக்கும் முறையைக் கோலரும் மில்ஸ்டீனும் 1975-இல் கண்டனர். பூட்டுக்கு ஏற்ற சாவியைப் போல், இருதய டிரோபோனினை மட்டும் பற்றும் எதிர்ப்பொருள் இதனால் கைகூடிற்று.

1987-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் கம்மின்ஸும் துணைவரும் டிரோபோனின் 'ஐ'யை மாரடைப்பில் அளந்தனர். 1989-இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரத்து ஹூகோ காட்டுஸ் டிரோபோனின் 'டி'யை அளக்கும் சோதனையை வெளியிட்டார். அவரது முதற் சோதனை கை கால் தசையிலுள்ள 'டி'யையும் ஓரளவு பற்றிக்கொண்டது; வேறு எதிர்ப்பொருள்களைத் தேர்ந்து பின்னர் அதைத் திருத்தினர்.

இந்தச் சோதனையின் உண்மையான வலிமையைக் காட்டியது 1992-இல் ஜெர்மனியிலிருந்து ஹாம் முதலியோர் வெளியிட்ட ஆராய்ச்சி. ஓய்விலிருக்கும்போதே நெஞ்சு வலி கண்ட 84 பேரை அவர்கள் கவனித்தனர். பழைய நொதிச் சோதனைப்படி இவர்களுள் மிகப் பெரும்பாலோர்க்கு மாரடைப்பு இல்லை. ஆயினும் 33 பேரின் இரத்தத்தில் டிரோபோனின் 'டி' காணப்பட்டது. அந்த 33 பேரில் 10 பேர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே மாரடைப்புக்கு ஆளாயினர். டிரோபோனின் காணப்படாத 51 பேரில் ஒருவருக்கே அவ்வாறு நேர்ந்தது. நேற்றுவரை 'உமக்கு ஒன்றும் இல்லை' என்று சொல்லத்தக்கவராகக் கருதப்பட்டவர்களுக்குள்ளே இப்படி ஒரு கோடு கிழிக்க முடிந்தது. நடுநிசியில் சீரகத் தண்ணீர் கொடுக்கலாமா, வண்டி பிடிக்கலாமா என்ற பழைய வினாவுக்கு இதைவிடத் தெளிவான விடை அதுவரை கிடைத்ததில்லை.

2000-ஆம் ஆண்டில் ஐரோப்பிய, அமெரிக்க இருதய நிபுணர் சங்கங்கள் கூடி மாரடைப்பின் இலக்கணத்தையே மாற்றி எழுதின. மூவரில் இருவர் என்ற பஞ்சாயத்து கலைந்தது. இரத்தத்தில் டிரோபோனின் உயர்வு இன்றியமையாத சாட்சி ஆயிற்று, வலி, இ.சி.ஜி. முதலியவை அதற்குத் துணை நிற்பவை ஆயின. வரம்பு எது? ஆரோக்கியமான நூறு பேரை அளவின்படி வரிசையாக நிறுத்தினால், 99-ஆம் ஆளிடம் உள்ள அளவே எல்லை என்று வைத்தனர். முந்தைய நாள் மாரடைப்பு அல்லாத ஒன்று, மறுநாள் முதல் மாரடைப்பு ஆயிற்று. நோய் மாறவில்லை, அளவுகோல் மாறிற்று. வெவ்வேறு பத்தாண்டுகளின் மாரடைப்புக் கணக்கை ஒப்பிடுவோர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

கருவிகள் மேலும் கூர்மையுற்றன. 2009-இல் வெளிவந்த இரண்டு பெரிய ஆராய்ச்சிகளுக்குப் பின் நுண்ணுணர்வுச் சோதனைகள் பரவலாயின. இவற்றுள் ஒன்றில் வரம்பு ஒரு லிட்டருக்கு 14 நானோகிராம். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு. இவ்வளவு நுட்பமாக அளக்கத் தொடங்கியதும், ஆரோக்கியமான மனிதரிலும் பெரும்பாலோரின் இரத்தத்தில் சிறிது டிரோபோனின் எப்போதும் உண்டு என்பது தெரியவந்தது. முன்பு 6 மணி, 12 மணி என்று காத்திருந்து மறுமுறை இரத்தம் எடுத்தனர். 2015-இல் ஐரோப்பிய சங்கம் ஒரு மணி இடைவெளியில் இருமுறை எடுத்தே முடிவு செய்யும் வழியை ஏற்றது.

சாட்சி எவ்வளவு நுட்பமாகப் பேசுகிறதோ அவ்வளவுக்கு அது எதைப் பற்றிப் பேசுகிறது என்பதில் கவனம் வேண்டுவதாயிற்று. சிறுநீரகம் பழுதுற்றவர், கடுந்தொற்றில் கிடப்பவர், நுரையீரல் தமனியில் இரத்தக் கட்டி சேர்ந்தவர், இருதயத் தசை வீக்கம் கண்டவர், நெடுந்தூர ஓட்டப் பந்தயத்தை அப்போதே முடித்தவர் ஆகிய பலரிடத்தும் டிரோபோனின் உயர்கிறது. அவர்களிடம் கரோனரித் தமனி அடைபட்டிருக்க வேண்டியதில்லை. நம் சொல்லுக்குத் திரும்புவோம். 'மாரடைப்பு' என்ற சொல்லில் அடைப்பு இருக்கிறது. இரத்தம் தரும் செய்தியில் அடைப்பு இல்லை. பானை உடைந்தது என்று மட்டுமே அது சொல்லும். கல் பட்டு உடைந்ததா, நெருப்பில் வெடித்ததா என்று சொல்லாது. இந்த வேறுபாட்டை 2018-இல் நான்காம் முறையாகத் திருத்திய உலகப் பொது இலக்கணம் தெளிவாக எழுதிற்று: தசை ஊறு வேறு, இரத்தக் குறையால் நேர்ந்த மாரடைப்பு வேறு. எந்த மொழிபெயர்ப்பாளரும் இவ்விரண்டையும் ஒரே தமிழ்ச் சொல்லால் எழுதிவிடலாகாது என்பது என் தாழ்மையான கருத்து. எழுதினால் மருத்துவர் பத்தாண்டு விவாதித்துப் பிரித்ததை நாம் ஒரு வரியில் ஒட்டிவிடுவோம்.

வரம்பு யாருக்காக வகுத்தது என்ற கேள்வியும் எழுந்தது. பெண்களின் இரத்தத்தில் இயல்பாகவே டிரோபோனின் குறைவு. ஒரு குறிப்பிட்ட நுண்ணுணர்வுச் சோதனையில் ஆண்களுக்குரிய எல்லை 34 நானோகிராம். பெண்களுக்கு 16 தான். இருபாலார்க்கும் பொதுவான உயர்ந்த எல்லையை வைத்துப் பார்த்தவரை பல பெண்களின் ஊறு கண்ணுக்குத் தப்பிற்று. எடின்பரோ நகரத்து ஆராய்ச்சியாளர் 2015-இல் வெளியிட்ட கணக்கின்படி, தனி எல்லையை வைத்தவுடன், சோதிக்கப்பட்ட பெண்களுள் மாரடைப்பு என்று முடிவானோர் நூற்றுக்கு 11-லிருந்து 22 ஆயினர். ஆண்களில் 19-லிருந்து 21 தான்.

அதே ஸ்காட்லாந்துக் குழு மேலும் ஒரு பெரிய சோதனை செய்தது. பத்து ஆஸ்பத்திரிகள், 48,282 நோயாளிகள். பழைய சோதனையில் தப்பியிருக்கக்கூடிய ஊறுகளைப் புதிய சோதனை கண்டுபிடித்தது. ஆனால் 2018-இல் முடிவு வெளியானபோது, அவ்வாறு புதிதாக அடையாளம் கண்டவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர்க்கே தமனியின் உட்சுவர் வெடித்து நேரும் மாரடைப்பு இருந்தது. ஓராண்டுக்குள் அவர்களுக்கு மறுபடி நேர்ந்த மாரடைப்பும் இருதய மரணமும் குறையவில்லை. அளப்பது வேறு, அளந்தபின் என்ன செய்வது என்று அறிவது வேறு. இம்முடிவை மறைக்காமல் வெளியிட்டதற்காக அவர்களைப் பாராட்டத் தோன்றுகிறது.

இன்னொரு எல்லையும் உண்டு, அதுவே ஆழமானது. இரத்த ஓட்டம் குறைவது ஒன்று. அதனால் தசை இறப்பது மற்றொன்று. இரண்டுக்கும் இடையே சிறிது காலம் இருக்கிறது. அமெரிக்க நோய்க்குறியியல் அறிஞர் ராபர்ட் ஜென்னிங்ஸ் 1960-இல் நாய்களின் கரோனரித் தமனியைக் கட்டிக் கட்டி அவிழ்த்துப் பார்த்தார். ஏறத்தாழ இருபது நிமிடத்துக்குள் அவிழ்த்துவிட்டால் தசை பிழைத்துக்கொண்டது. அதற்கு மேல் போகப் போக அழிவு பெருகிற்று. அந்த இருபது நிமிடத்தில், பசித்திருக்கும் தசை இரத்தத்துக்கு ஏதேனும் சேதி அனுப்புகிறதா? அனுப்பினால் இறப்பதற்கு முன்பே அறியலாமே என்று பலரும் முயன்றனர். இரத்தக் குறைவு நேர்ந்தால் ஆல்புமின் என்னும் இரத்தப் புரதம் கோபால்ட் உலோகத்தைப் பற்றும் திறனைச் சற்று இழக்கிறது என்பதைக் கொண்டு ஒரு சோதனை இருபத்தொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைந்தது. அமெரிக்க அரசு அனுமதியும் பெற்றது. ஆனால் வேறு காரணங்களாலும் அந்தத் திறன் குறைவதால், அது நிலைத்த இடம் பெறவில்லை. பசியை நம்பத்தக்க வகையில் சொல்லும் சாட்சி இன்னும் கிடைக்கவில்லை. நம்மிடம் உள்ளது சாவைச் சொல்லும் சாட்சி.

இவ்வளவு நுட்பமும் நம் நாட்டில் எவ்வாறு பொருந்துகிறது என்பதற்குப் பெங்களூர் புனித ஜான் மருத்துவக் கல்லூரி அறிஞர்கள் முன்னின்று தொகுத்து 2008-இல் வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு. இந்தியாவின் 50 நகரங்களில் 89 மருத்துவ நிலையங்களில் சேர்ந்த 20,468 நோயாளிகளை அது பதிவு செய்தது. வலி தொடங்கியது முதல் ஆஸ்பத்திரி சேரும் வரை கடந்த நேரம், வரிசையின் நடுவில் நிற்பவருக்கு, 360 நிமிடம். அதாவது ஆறு மணி நேரம். ஒரு மணிக்குள் முடிவு சொல்லும் சோதனைக்காக ஐரோப்பா பாடுபட்டது. நம் நோயாளி வாசலை மிதிக்கும்போது, பழைய சோதனையே கண்டுகொள்ளும் அளவுக்கு அவரது இரத்தத்தில் பெரும்பாலும் டிரோபோனின் கசிந்து முடிந்திருக்கும். முப்பது நாட்களுக்குள் இறந்தவர், ஏழைகளில் நூற்றுக்கு 8.2, செல்வரில் 5.5. இந்த வேறுபாட்டுக்கு வயதும் மற்ற நோய்களும் காரணமா என்று கணக்கிட்டனர், வேறுபாடு மறையவில்லை. கிடைத்த சிகிச்சையைக் கணக்கில் சேர்த்தபோது மறைந்துவிட்டது.